பன்னிரண்டு மணிக்குப் பிறகு

செப்டம்பர் 4, வெள்ளி

இன்று முழுக்கத் தொலைபேசிதான். வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் நாற்பத்தாறு பேரையும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லும்படி ஹெச்.ஆர். மேனேஜர் விஜயராகவன் சார் பட்டியல் கொடுத்தார். ஊரடங்குக்காக மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள். மற்ற பகுதிகளை ஜூனிலேயே திறந்துவிட்டோம். பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் இவர்களை மட்டும், பழைய ஸ்டாக் இருக்கிறது, ஆர்டர் இல்லை என்று ஐந்தரை மாதமாகக் கூப்பிடவில்லை.

ஆறு பேருடைய நம்பர் மாறியிருந்தது. அக்கம்பக்கத்தாரைப் பிடித்துத் தகவல் சொன்னேன். அம்சவேணி ஃபோனிலேயே அழுதுவிட்டாள். துளசிமணி மட்டும், "சரிங்கண்ணா, வந்துர்றனுங்க" என்று வைத்துவிட்டாள். பதினேழு வருடமாக அவள் அப்படித்தான். அவள் பேசி நான் கேட்டதையெல்லாம் சேர்த்தால் இந்த டைரியில் ஒரு பக்கம் வராது.

விரல் ரேகை மெஷினைக் கொரோனாவுக்காகக் கழற்றிவிட்டோம். இனி எல்லோரும் வருகிற நேரம், போகிற நேரம் இரண்டையும் டைம் ஆபீஸில் நான்தான் கையால் எழுத வேண்டும். புதுப் பதிவேடு வாங்கிக் கோடு போட்டு வைத்தேன்.

செப்டம்பர் 5, சனி

கடிதம் டைப் அடித்தேன். சார் ஆங்கிலத்தில் கொடுத்ததைத் தமிழாக்கினேன். இரண்டு பத்தி. இனி தினமும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, நான்கு மணி நேரம் மட்டும் வேலை என்பது முதல் பத்தி. நாற்பத்தேழு பிரதி எடுத்தேன். பிரிண்டர் நடுவில் இரண்டு தடவை மக்கர் செய்தது.

வீட்டுக்கு வர ஏழாகிவிட்டது. மனைவி சாந்தாமணி ஜவுளிக்கடைக்காக மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரிண்டர் தகராறு என்றேன்.

செப்டம்பர் 7, திங்கள்

ஏழரைக்கே கேட்டில் நின்றார்கள். பஸ் விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. சிலர் நடந்தே வந்திருந்தார்கள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஆனாலும் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஹாலுக்குள் போய்த் தங்கள் மெஷின் மேல் மூடியிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினார்கள். ஒருத்தி மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கடிதத்தோடு போனேன். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எங்கே போடணும் என்பதைத் தவிர ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துளசிமணி தாளை வாங்கினாள். படித்தாள். விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக. பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இத ஊட்டுக்குக் கொண்டு போயிப் படிச்சுப்போட்டு நாளைக்குத் தரலாமுங்களா?"

பத்தொன்பது வருடத்தில் இப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. "எல்லாரும் போட்டாச்சு அம்மிணி, நானே போட்டாச்சு" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாளை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்தைந்து கடிதங்கள் சாரின் மேசைக்குப் போயின.

செப்டம்பர் 8, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

எட்டு மணிக்குத் துளசிமணி டைம் ஆபீஸ் ஜன்னலில் கடிதத்தை நீட்டினாள். கையெழுத்து இல்லை.

"ரெண்டு தடவ படிச்சனுங்கண்ணா. என்ற பதினேழு வருசத்த இதுல எங்க போட்டிருக்கீங்கன்னு தேடுனேன். காணமுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். துளசிமணி எழவில்லை. மெஷினை நிறுத்திவிட்டாள், ஆனால் ஸ்டூலிலேயே இருந்தாள். நான் போய்க் கேட்டேன். தனக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தார்கள், வேலை கொடுத்தால் செய்வாள், கொடுக்காவிட்டால் நாலரை வரைக்கும் இங்கேதான் இருப்பாள் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். டிபனைச் சாப்பிட்டுக் கழுவி வைத்திருந்தாள். மூன்று மணிக்குப் பார்த்தேன். முதுகு சாயாமல் அப்படியே இருந்தாள். நாலரைக்கு எழுந்தாள். மெஷினைத் துணியால் மூடினாள். வெளியே வந்து ஜன்னலில் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

அவள் போன நேரத்தைப் பன்னிரண்டு என்று எழுதும்படி சார் சொல்லியிருந்தார்.

இன்று தண்ணீர் வருகிற நாள். குழாயடியில் இருந்து பதினொரு குடம் தூக்கினேன். தோள் வலிக்கிறது.

செப்டம்பர் 9, புதன்

பன்னிரண்டு அடித்ததும் ஹாலின் லைட், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். துளசிமணி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் வெளிச்சம் இறங்கும் கண்ணாடித் தகடு இருக்கும் இடத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

நாலரைக்குப் போகும்போது, "எத்தன மணின்னு போட்டீங்கண்ணா?" என்று கேட்டாள்.

நாலரை என்றேன்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

மூன்று பேர். துளசிமணி, அம்சவேணி, கடைசி வரிசை ரங்கநாயகி. மற்ற இருவரும் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டவர்கள். பன்னிரண்டு மணிக்குக் கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களும் உட்காரலாமா என்று அம்சவேணி கேட்டாள். துளசிமணி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்ததுதான் பதில்.

நாலரைக்கு மூவரும் ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். பேனாவைத் திறந்தேன். மூவர் பெயருக்கு எதிரிலும் 4.30 என்று எழுதினேன். எழுதிய பிறகு கை வியர்த்திருந்தது. மை கொஞ்சம் கலங்கிவிட்டது, ஆனால் படிக்க முடியும்.

இன்று முதல் அப்படித்தான்.

செப்டம்பர் 11, வெள்ளி

பதினொரு பேர்.

வேலையில் சேரும்போது எல்லோருக்கும் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் கொடுப்போம். கம்பெனியின் நிலையாணை. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதில் இருக்கும். பத்தொன்பது வருடமாக அதை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். நான் படித்ததில்லை. யாரும் படித்து நான் பார்த்ததும் இல்லை. துளசிமணி அதைச் செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பதினொரு பேருக்கும் வாசித்துக் காட்டினாள். எட்டாவது வரை படித்தவள். சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. புரியாத இடத்தில் எல்லோரும் சேர்ந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று பேசிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது.

வேலை நேரத்தைக் குறைப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுத்து இருபத்தொரு நாள் போக வேண்டும், அதுவரைக்கும் பழைய நேரம்தான். அந்த இடத்தை இரண்டாம் தடவை வாசித்தாள். அறிவிப்பு எதுவும் போர்டில் ஒட்டப்படவில்லை. ஒட்டுவதும் நான்தானே, எனக்குத் தெரியாதா.

வாசல் ஓரமாக நின்று கேட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

நாற்பத்தாறு பேர்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது, லைட் போனது, ஃபேன் நின்றது. ஒருவர்கூட எழவில்லை. தலை எண்ணிக்கை எடுத்து வரும்படி சார் சொன்னதால் உள்ளே போனேன்.

அந்த ஹாலை எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். பத்தொன்பது வருடமும் அங்கே போனால் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். இன்று அது அவ்வளவு பெரிய இடம் என்று முதல்முறையாகத் தெரிந்தது. இடைவெளி விட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைகள் மடியில். கூரைத் தகடு வழியாக வெயில் இறங்கிச் செம்புக் கம்பி உருளைகள் மேல் விழுந்து, அங்கிருந்து அவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் கைகளிலும் பட்டது. அத்தனை பேரும் செம்பு நிறமாக இருந்தார்கள். தினமும் பெயரும் நேரமும் எழுதுகிறேனே, அந்தப் பெண்கள்தானா இவர்கள் என்று இருந்தது. ஒருத்தி இருமினாள். அது ஹாலைச் சுற்றி வந்து அடங்கியது.

எண்ணி முடிக்க முடியாமல் இரண்டு தடவை விட்டுப்போய் மறுபடி எண்ணினேன்.

வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். என் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

சார் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை. வியாழனிலிருந்து பக்கம் பக்கமாக 4.30 என்று இருப்பதைக் காட்டி, இது என்ன குப்புராஜ் என்றார். அவர்கள் போன நேரம் என்றேன்.

"வேலையே இல்லாம உட்கார்ந்திருக்கிற நேரம் எப்படிப்பா வேலை நேரமாகும்?"

"போன நேரம்னுதான் சார் தலைப்புல இருக்குது."

பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, முதலாளிகள் தன்னையும் பாதிச் சம்பளத்தில்தான் வைத்திருக்கிறார்கள், தானும் சொன்னதைச் செய்கிறவன்தான் என்றார். கடைசியில், "நீயும் கையெழுத்துப் போட்டிருக்க. ஞாபகம் வெச்சுக்க" என்றார்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

கடிதத்தின் இரண்டாம் பத்தி இது: 'என் சொந்த விருப்பத்தின் பேரில், இன்றைய தேதியிலிருந்து புதிய பணியாளராகச் சேர்கிறேன். முந்தைய பணிக்காலம் குறித்து எந்த உரிமையும் கோர மாட்டேன்.' ஆங்கிலத்தில் சுற்றி வளைத்து இருந்தது. அதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதியது நான். எழுதும்போது வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். முடித்ததும் சார் நாற்பத்தேழாவது பிரதியை என் பக்கம் தள்ளினார். டைம் ஆபீஸும் அரைநாள்தான், நீ ஆரம்பித்து வைத்தால் மற்றவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கும் என்றார். போட்டேன். என் பத்தொன்பது வருடம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குப் பிறகு நான் அங்கே இருப்பதெல்லாம் சார் இருக்கச் சொல்வதால்தான்.

சாந்தாமணிக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

மகாளய அமாவாசை. காலையில் அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். என் பெயருக்கு எதிரில் 9.05 என்று எழுதிக்கொண்டேன்.

நாற்பத்தாறு பேரும் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். துளசிமணியும் ரங்கநாயகியும் அதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு முத்திரை குத்திய நகலோடு பதினொரு மணிக்கு வந்தார்கள். தாமதமாக வந்த நேரத்தை அவர்களே சொல்லி எழுதச் சொன்னார்கள்.

செப்டம்பர் 22, செவ்வாய்

மதியம் ஒன்றரைக்குப் பெரிய மழை. ஹாலின் கிழக்கு மூலையில் கூரைத் தகடு பெயர்ந்து தண்ணீர் கொட்டியது. அதற்குக் கீழேதான் சுற்றி முடித்த காயில்கள் அடுக்கியிருந்தன. நனைந்தால் அத்தனையும் குப்பை.

சத்தம் கேட்டு நானும் சாரும் ஓடினோம். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டிருந்தார்கள். இருட்டில், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஒவ்வொரு காயிலாக மாற்றி மேற்குப் பக்கத்துக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நடுவில் துளசிமணி, தலையிலிருந்து கால் வரை நனைந்து, ஒரு குடையைத் தனக்குப் பிடிக்காமல் அடுக்கின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரத்தில் இருநூற்றுச் சொச்சம் காயில்கள். ஒன்றுகூட நனையவில்லை.

சார் கணுக்கால் வரை தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் போய், இது கம்பெனிப் பொருள்தானே, நீங்கள் கம்பெனி மேல் மனுக் கொடுத்தவர்கள்தானே என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"சுத்துனது நாங்கதானுங்களே சார்" என்றாள்.

அவர் தானே போய் மெயின் ஸ்விட்சைப் போட்டார். லைட் வந்தது. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு எல்லோரும் ஸ்டூலுக்குத் திரும்பினார்கள். நாலரை வரை இருந்தார்கள்.

செப்டம்பர் 25, வெள்ளி

தொழிலாளர் துறையிலிருந்து கடிதம். அக்டோபர் ஒன்றாம் தேதி சமரசப் பேச்சு. நேரப் பதிவேட்டைக் கொண்டு வர வேண்டும். பதிவேட்டைப் பராமரிப்பவரும் வர வேண்டும்.

அதாவது நான்.

செப்டம்பர் 30, புதன்

பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி. துளசிமணி பெயருக்கு எதிரில், என் கையெழுத்தில், சுத்தமாக, 12.00.

ஒன்றை நாலாகத் திருத்த முடியாது. திருத்தினால் தெரியும்.

சார் கூப்பிட்டு, நாளைக்குக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார். தலையாட்டினேன். தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன். சாந்தாமணி மோர் கரைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 1, வியாழன்

சமரச அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, எங்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருந்தார். எங்கள் பக்கம் சாரும் நானும். எதிரில் துளசிமணி, ரங்கநாயகி, அம்சவேணி.

எல்லோரும் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று சார் நாற்பத்தைந்து கடிதங்களை வைத்தார். அதிகாரி ஒன்றைப் படித்தார். இரண்டாம் பத்தியில் நிறுத்தி மறுபடி படித்தார். நேரத்தைக் குறைக்கும் முன் கொடுத்த அறிவிப்பு எங்கே என்று கேட்டார். இல்லை. சரி, பதிவேட்டைக் கொடுங்கள் என்றார்.

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பத்தாம் தேதியிலேருந்து நாலரைன்னு இருக்கு. எட்டு, ஒம்பது ரெண்டு நாள் மட்டும் துளசிமணி பன்னிரண்டுக்கே போயிட்டாங்களா?"

சார் முந்திக்கொண்டு ஆமாம் என்றார். அன்று போய்விட்டார்கள், பிறகுதான் யாரோ சொல்லிக் கொடுத்து உட்கார ஆரம்பித்தார்கள் என்றார். அதிகாரி துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி பதிவேட்டைப் பார்த்தாள். இது பொய் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. அந்த இடத்தை எனக்காக விட்டு வைத்தது போல இருந்தது.

எழுந்து நின்றேன்.

"இல்லீங்கம்மா. ரெண்டு நாளும் நாலரைக்குத்தான் போனாங்க. தப்பா எழுதுனது நானுங்க."

"யார் எழுதச் சொன்னாங்க?"

"பேனா என்ற கையிலதானுங்க இருந்துச்சு."

சார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னவோ குறித்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் துளசிமணி நின்றிருந்தாள். அன்றைக்கு உங்களிடம் நாலரை என்று பொய் சொன்னேன் அம்மிணி என்றேன். இதைச் சொல்ல மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

"தெரியுமுங்கண்ணா. சன்னல்லயே பதிவேடு விரிச்சு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களும் அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டவருதானுங்களே. பயம் தெளிய ஆளுக்கு ஒரு நேரமாகும்."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டேன். அதற்கடுத்ததையும் விட்டுவிட்டேன். இரண்டு நாளும் பதிவேட்டில் என் பொய்யைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஒரு மனிதனுக்கு வேண்டிய அவகாசத்தைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்திருக்கிறாள்.

அக்டோபர் 2, வெள்ளி

விடுமுறை. சாந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றாள். பயமாக இருந்தது என்றேன். கம்பெனிக்கா, எனக்கா என்றாள். தைத்த மாஸ்க்குகளை அடுக்கிக் கட்ட நானும் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 9, வெள்ளி

ஒப்பந்தம் ஆகிவிட்டது.

செப்டம்பர் ஏழாம் தேதிக் கடிதங்கள் செல்லாது. எல்லோருடைய பணிக்காலமும் முதலில் சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கு. வேலை கொடுக்காமல் வீட்டில் இருக்க வைத்த மாதங்களும் அதில் சேரும். ஹாலில் உட்கார்ந்திருந்த நேரம் வேலை நேரம். திங்கட்கிழமை முதல் எட்டு மணி நேரம்.

இதற்கு மேல் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கு உண்மையிலேயே ஆர்டர் இல்லை என்று சார் தாள்களை எடுத்து வைத்தார். இப்போது ஒளிக்காமல் பேசினார். மழையில் பார்த்ததை முதலாளிகளிடம் சொன்னாராம், ஆனாலும் ஆர்டர் வந்தால்தான் உண்டு என்றார். அதிகாரி பெண்களிடம் கேட்டார். மூவரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் ஆறு மணி நேரம், முறைப்படி அறிவிப்பு ஒட்டி, இருபத்தொரு நாள் கழித்து ஆரம்பிக்கலாம், பிப்ரவரி முதல் பழையபடி எட்டு என்றாள் துளசிமணி.

இவ்வளவு போராடிவிட்டு நீங்களே குறைத்துக்கொள்கிறீர்களே என்று அதிகாரி கேட்டார்.

"கேட்டாக் குடுப்பமுங்கம்மா. கேக்காம எடுத்ததுக்குத்தான் உக்காந்தோம்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பெயர்ப் பட்டியலை வாசித்தார். நாற்பத்தாறு பெயர்கள். முடித்துவிட்டு, சரிதானே என்றார்.

துளசிமணி கையைத் தூக்கினாள். "நாப்பத்தேழுங்கம்மா. குப்புராஜண்ணனும் அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டிருக்காருங்க. அவரையும் எழுதிக்குங்க."

என் பெயரை எழுதிவிட்டு, சேர்ந்த தேதி என்ன என்று அதிகாரி கேட்டார். கம்பெனியில் உள்ள அத்தனை பேர் சேர்ந்த தேதியும் மனப்பாடம், என்னுடையது நினைவுக்கு வரவில்லை. சார்தான் சொன்னார்.

அக்டோபர் 12, திங்கள்

காலையில் அறிவிப்பை டைப் அடித்து, தேதி போட்டு, போர்டில் ஒட்டினேன். நாலு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல். மதியம் என்னைச் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் யார்டுக்கு மாற்றி உத்தரவு. இனி பதிவேடு வேறொருவர் கையில். தண்டனை என்று சார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெயில் அதிகம். தொப்பி வாங்க வேண்டும்.

அக்டோபர் 26, திங்கள்

மெஷின்களுக்குப் பூஜை போட்டார்கள். யார்டுக்கும் பொரியும் கடலையும் வந்தது. இரண்டு நாளாக விடாத மழை.

நவம்பர் 2, திங்கள்

ஆறு மணி நேரத்தின் முதல் நாள். எனக்கும் அதே நேரம்தான்.

இரண்டு மணிக்கு மணி அடித்து எல்லோரும் வெளியே வந்தோம். வந்து, கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டோம். மூன்று மணி வரை பஸ் கிடையாது. நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடியே பழகியவர்கள். வெயில் நேரத்தில் அந்த ரோட்டில் நின்று என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு குளம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் போனதில்லை. மழையில் நிரம்பிவிட்டது என்று ரங்கநாயகி கேள்விப்பட்டிருந்தாள். அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நானும் டிபன் பையை மாட்டிக்கொண்டு கடைசியில் போனேன்.

கரையில் ஏறினோம். எதிர்க்கரை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குத் தண்ணீர். நடுவில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. சாக்கு மூட்டை என்று நினைத்தேன். அது இறக்கையை விரித்தது. விரித்த இறக்கை ஆள் உயரம் இருக்கும், கூழைக்கடாப் பறவை. பிறகு இன்னொன்று, பிறகு பத்துப் பதினைந்து, எல்லாம் ஒன்றாகத் தண்ணீரை அடித்துக்கொண்டு கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போயின. நிழல் எங்கள் மேல் விழுந்து நகர்ந்தது. இறக்கையின் காற்று முகத்தில் பட்டது. அம்சவேணி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு வருசமா இதும் பக்கத்துலயா இருந்தோம்" என்றாள் துளசிமணி. யாரிடமும் கேட்கவில்லை. புல் இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

ரோட்டில் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்தது மூன்றரைக்கு என்று யாரோ சொன்னார்கள். சரி என்று நாங்களும் உட்கார்ந்தோம்.